தவளைத் தோல் பெப்டைட் பாக்டீரியாவ எப்படி ஓட்டை போடுது, நம்ம செல்ல ஏன் விட்டு வைக்குது, ஏன் இன்னும் மருந்துக்கடைக்கு வரல

ஒரு தம்பி கேட்டிருந்தார். அவரோட அப்பாவுக்கு சுகர், கால்ல புண்ணு மூணு மாசமா ஆறாம இழுத்துக்கிட்டு இருக்கு, டாக்டர் ஆன்டிபயாட்டிக்க மாத்தி மாத்தி குடுக்குறார், தவளைத் தோல்ல இருந்து எடுத்த பெப்டைட்ட (அமினோ அமிலத்த கோத்த ஒரு குட்டி சங்கிலி, புரோட்டீனோட சின்ன வடிவம்) வச்சு சுகர் புண்ணுக்கே ஒரு க்ரீம் பண்ணாங்கன்னு எங்கயோ படிச்சிருக்கார். அது பாக்டீரியாவோட செல் மெம்பிரேன்லயே (செல்ல சுத்தி இருக்கற படலம்) ஓட்டை போட்டுடும்னா நம்ம செல்லுக்கும் மெம்பிரேன் இருக்கே அதை ஏன் விட்டு வைக்குது, அவ்ளோ நல்ல மருந்துன்னா ஏன் கடைல கிடைக்கல, ஆன்லைன்ல எல்எல்-37னு ஒரு பெப்டைட் விக்கிறாங்களே அதை வாங்கி போடலாமா, இதான் கேள்வி.

தம்பி, கடைசி கேள்விக்கு மட்டும் முதல்லயே பதில் சொல்லிடறேன், வாங்காதீங்க. ஏன்னு கீழ வரேன். மத்ததெல்லாம் நிதானமா சொல்ற விஷயம். நான் லேப்ல சில வருஷம் இந்த மெம்பிரேன் வேலைதான் பாத்தேன், அதனால கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

அந்த க்ரீமோட கதை மைக்கேல் ஸாஸ்லாஃப்னு ஒருத்தர்கிட்ட ஆரம்பிக்குது. டாக்டருக்குப் படிச்சவர், 1980கள்ல அமெரிக்காவோட மேரிலாண்ட்ல பெதஸ்டாங்கற ஊர்ல இருக்கற என்ஐஹெச்ல (அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்) ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தார். அவர் பண்ணிட்டு இருந்த வேலைக்கும் ஆன்டிபயாட்டிக்குக்கும் சம்பந்தமே இல்ல, செல்லுக்குள்ள ஆர்என்ஏ எப்படி நகருதுன்னு பாத்துக்கிட்டு இருந்தார். அதுக்கு அவருக்கு வேண்டியது ஆப்பிரிக்க நகத்தவளையோட முட்டை. ஒரு முட்டை ஒரு மில்லிமீட்டருக்கு மேல இருக்கும், கண்ணால பாத்தே ஊசி குத்தலாம், அதனால உலகம் பூரா லேப்ல இந்த தவளைய வளப்பாங்க. (இது லேப்ல இவ்ளோ பரவினதுக்கு இன்னொரு காரணமும் உண்டு, 1930கள்ல இருந்து ரொம்ப வருஷம் இந்த தவளைய வச்சுத்தான் பல நாட்டுல கர்ப்ப டெஸ்ட் பண்ணாங்க, பொம்பளைங்க யூரின தவளைக்கு ஊசியா போட்டா, கர்ப்பமா இருந்தா ஒரு நாளுக்குள்ள தவளை முட்டை விட்டுடும்.)

முட்டை எடுக்கணும்னா தவளைய மயக்கி வயித்துல சின்னதா கீறி, கொஞ்சம் முட்டைய எடுத்துட்டு தையல் போட்டு திரும்ப தொட்டித் தண்ணிலயே விட்டுடுவாங்க. அந்த தண்ணி எப்படி இருக்கும்னு தவளை வளத்தவங்களுக்குத்தான் தெரியும், அது போட்ட தீனில மிச்சம், அதோட கழிவு எல்லாம் கலந்து வழவழன்னு இருக்கும், பாக்டீரியாவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. நம்மள ஆபரேஷன் பண்ணி அப்படி ஒரு தண்ணில விட்டா ரெண்டு நாள்ல சீழ் வச்சு காய்ச்சல்ல படுத்துடுவோம். தவளைக்கு ஒண்ணும் ஆகல. புண்ணு செவக்கல, வீங்கல, சீழ் வைக்கல, பாட்டுக்கு ஆறிடுச்சு. இந்த வேலைய பண்ண எத்தனையோ லேப்காரங்க இதைப் பாத்திருப்பாங்க, பாத்துட்டு அடுத்த தவளைய எடுத்திருப்பாங்க. ஸாஸ்லாஃபும் பல வருஷமா பாத்துட்டுத்தான் இருந்தார், ஆனா ஒரு நாள் நின்னு ஏன்னு கேட்டார். எனக்கு அந்த மனுஷன்கிட்ட முதல்ல பிடிச்ச விஷயம் இதான்.

தோல எடுத்து அரைச்சு, சாறு எடுத்து, ஒவ்வொரு பகுதியா பிரிச்சு, எந்த பகுதி பாக்டீரியாவ கொல்லுதுன்னு பாத்துக்கிட்டே போனார். கடைசில கைக்கு வந்தது ரெண்டு குட்டி பெப்டைட், ஒவ்வொண்ணும் 23 அமினோ அமிலம், ரெண்டுக்கும் நடுவுல ரெண்டே இடத்துல தான் வித்தியாசம். ஹீப்ரு மொழில கேடயத்துக்கு மாகேன்னு பேரு, அதை வச்சு மாகைனின்னு பேர் வச்சார். 1987ல பேப்பர் வந்துச்சு. பாக்டீரியா, பூஞ்சை, ஒரு செல் உயிர் சிலது, எல்லாத்தையும் இது தாக்குதுன்னு காட்டினார்.

இவர்தான் முதல் ஆள்னு சொல்லிட முடியாது, அது நியாயமும் இல்ல. ஸ்டாக்ஹோம்ல ஹான்ஸ் பூமன்னு ஒருத்தர், ஸெக்ரோப்பியாங்கற பெரிய பட்டு அந்துப்பூச்சியோட கூட்டுப்புழுவுக்கு பாக்டீரியாவ ஊசில ஏத்தி, அது உடம்புல என்ன புதுசா சுரக்குதுன்னு பாத்து, 1981லயே ஸெக்ரோபின்னு ஒரு பெப்டைட்ட கண்டுபிடிச்சிருந்தார். பூச்சிக்கு நம்மள மாதிரி ஆன்டிபாடி கிடையாது, அதுக்கு இதான் பாதுகாப்பு. 1985ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல ராபர்ட் லேரரோட குழு நம்ம வெள்ளை அணுவுக்குள்ளயே டிஃபென்சின்னு ஒரு குடும்பம் இருக்குன்னு காட்டினாங்க. ஆக பூச்சிக்கு இருக்கு, தவளைக்கு இருக்கு, நமக்கும் இருக்கு, செடிக்கும் இருக்கு. நம்ம கண்ணீர், தோல், குடல், நுரையீரல் எல்லா இடத்துலயும் இந்த மாதிரி பெப்டைட் சுரந்துக்கிட்டேதான் இருக்கு.

இப்ப உங்க முக்கியமான கேள்வி, ஓட்டை எப்படி போடுது.

மெம்பிரேன்னா ஏதோ தோல் மாதிரி கெட்டியான ஒண்ணுன்னு நெனைக்காதீங்க. அது ரெண்டு அடுக்கு கொழுப்பு, அவ்ளோதான், மொத்த தடிமனே சுமார் 4 நானோமீட்டர், ஒரு தலைமுடியோட தடிமனுக்கு இருபதாயிரம் மெம்பிரேன அடுக்கலாம். ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறுக்கும் தண்ணிய விரும்புற தலை ஒண்ணு, தண்ணிய வெறுக்கற வால் ரெண்டு. தலையெல்லாம் வெளிய தண்ணி பக்கம், வாலெல்லாம் உள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு. யாரும் தைக்கல, ஒட்டல, தண்ணிக்கு பயந்துதான் எல்லாம் சேந்து நிக்குது. அதனால அது எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும், ரசத்து மேல மெதக்கற நெய் மாதிரி. ஆனா இந்த மெல்லிசு படலத்த நம்பித்தான் செல்லே உயிரோட இருக்கு, உள்ள ஒரு உப்பு அளவு வெளிய ஒரு உப்பு அளவு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு வோல்டேஜ், அந்த வோல்டேஜ வச்சுத்தான் பாக்டீரியா சக்தியே தயாரிக்குது. அதுல ஓட்டை விழுந்தா வோல்டேஜ் போச்சு, சரக்கு எல்லாம் வெளிய வழிஞ்சுது, சில நிமிஷத்துல கதை முடிஞ்சுது.

மாகைனின் தண்ணில இருக்கும்போது ஒரு ஒழுங்கான உருவமே இல்லாம நூல் மாதிரி தொளதொளன்னு கிடக்கும். மெம்பிரேன் பக்கத்துல வந்ததும் சுருளா மாறிடும். அந்த சுருள்ல ஒரு பக்கம் பூரா லைசின்ங்கற அமினோ அமிலம், அதுக்கு பாசிட்டிவ் சார்ஜ், தண்ணிய விரும்பும். இன்னொரு பக்கம் ஃபினைல்அலனின், ஐசோலியூசின், வாலின் மாதிரி எண்ணெய்ய விரும்புறது. அதாவது நீளவாக்குல பாதி தண்ணிக்காரன் பாதி எண்ணெய்க்காரன். பாத்திரம் தேய்க்கிற சோப்பும் கிட்டத்தட்ட இதே குணம்தான், எண்ணெயையும் தண்ணியையும் ரெண்டு கையால பிடிச்சுக்கும். ஆனா சோப்பு ஆள் பாக்காது, கெடச்ச மெம்பிரேன எல்லாம் கரைக்கும். மாகைனின் ஆள் பாக்கும், அதுக்கு காரணம் சார்ஜ்.

பாக்டீரியாவோட மெம்பிரேன்ல வெளிப்பக்கம் பாக்கற கொழுப்புல நெறைய நெகட்டிவ் சார்ஜ், பாஸ்ஃபடிடைல்கிளிசரால், கார்டியோலிபின்னு பேரு. ஈ. கோலை மாதிரி பாக்டீரியாவுக்கு அதுக்கும் வெளிய இன்னொரு மெம்பிரேன் இருக்கு, அதோட வெளி அடுக்கு லிப்போபாலிசாக்கரைடு, அதுவும் நெகட்டிவ், அந்த நெகட்டிவ் எல்லாம் ஒண்ணையொண்ணு தள்ளிடாம நடுவுல மெக்னீசியமும் கால்சியமும் நின்னு கட்டி வச்சிருக்கு. பாசிட்டிவ் பெப்டைட் வந்து அந்த மெக்னீசியத்த நகத்திட்டு அந்த இடத்துல ஒக்காந்துக்கும், அங்கயே கட்டு தளர ஆரம்பிச்சுடும். நம்ம செல்லோட வெளிப்பக்கத்துல இருக்கறது பாஸ்ஃபடிடைல்கோலின், ஸ்பிங்கோமயலின், ரெண்டுமே மொத்தத்துல சார்ஜ் இல்லாதது. நம்மகிட்டயும் நெகட்டிவ் கொழுப்பு இருக்கு, ஆனா நம்ம செல் அதை உள்பக்கமா திருப்பி வச்சிருக்கும். அது போக கொலஸ்ட்ரால். எல்லாரும் திட்டற அந்த கொலஸ்ட்ரால்தான் நம்ம மெம்பிரேன இறுக்கமா வச்சு பெப்டைட் உள்ள நுழையறத கஷ்டமாக்குது. பாக்டீரியாவுக்கு பொதுவா கொலஸ்ட்ரால் கிடையாது. ஆக உங்க கேள்விக்கு பதில், ரெண்டும் மெம்பிரேன்தான், ஆனா வெளிய பூசியிருக்கற கொழுப்பு வேற. ஆனா இந்த வித்தியாசம் அளவுலதான், அதிகமா போட்டா நம்ம செல்லும் உடையும், இத மனசுல வச்சுக்கங்க, எல்எல்-37 பேச்சுல திரும்ப வரும்.

இதை கண்ணால பாக்கறதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு, நான் நூத்துக்கணக்குல பண்ணியிருக்கேன். கொழுப்ப குளோரோஃபார்ம்ல கரைச்சு, உருண்டை ஃபிளாஸ்க்ல ஊத்தி சுத்தவிட்டு காய வச்சா அடில ஒரு மெல்லிசு படலம் படியும். அதுல கால்சீன்னு ஒரு சாயத்த நல்ல கெட்டியா கரைச்சு ஊத்தி குலுக்கினா கொழுப்பு தானா உரிஞ்சு வந்து குமிழா சுருட்டிக்கும், சாயத்த உள்ள வச்சுக்கிட்டு. அப்புறம் ரெண்டு கண்ணாடி சிரிஞ்சுக்கு நடுவுல நுண்ணுசா ஓட்டை போட்ட ஃபில்டர வச்சு அந்த பக்கமும் இந்த பக்கமும் தள்ளணும், 21 தடவை, ஒத்தைப்படைல முடிக்கணும், அப்பத்தான் கடைசில கலவை ஆரம்பிக்காத சிரிஞ்சுல வந்து நிக்கும், ஃபில்டர் தாண்டாத குப்பை கலக்காது. கட்டைவிரல் ரெண்டும் வலிக்கும். இப்ப எல்லா குமிழும் சுமார் 100 நானோமீட்டர்ல ஒரே அளவா இருக்கும். வெளிய இருக்கற சாயத்த, பிரிச்சு எடுக்கற ஒரு குழாய்ல (லேப்ல column-னு சொல்வோம்) ஓட்டி கழிச்சுடுவோம்.

கால்சீன் கெட்டியா அடைஞ்சு கிடக்கும்போது ஒளிராது, ஒண்ணோட வெளிச்சத்த இன்னொண்ணு முழுங்கிடும். வெளிய வந்து தண்ணில பரவினா பளிச்சுன்னு பச்சையா ஒளிரும். வெளிச்சத்த அளக்கற மெஷின்ல குவெட்ட (கலவை ஊத்தற குட்டி கண்ணாடி டப்பா) வச்சுட்டு ஸ்கிரீன பாத்தா கோடு கீழ தட்டையா போய்ட்டு இருக்கும். பெப்டைட்ட ரெண்டு மைக்ரோலிட்டர் போடுவோம். நெகட்டிவ் கொழுப்பு கலந்த குமிழா இருந்தா கோடு அப்படியே எழும்பி வளைஞ்சு மேல போகும், சில நிமிஷத்துல உள்ள இருந்த சாயம் பெரும்பகுதி வெளிய. அதே பெப்டைட்ட அதே அளவு, நம்ம செல்லோட வெளிப்பக்கம் மாதிரி சார்ஜ் இல்லாத கொழுப்புல போட்டா கோடு அசையாது. கடைசில ரெண்டுலயும் ட்ரைட்டான்னு ஒரு டிடர்ஜென்ட ஒரு சொட்டு விடுவோம், அது எல்லாத்தையும் கரைச்சு கோட்ட உச்சிக்கு கொண்டுபோகும், அதான் நூறு சதவீதம். முதல் தடவை அந்த ரெண்டு கோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்த அன்னிக்கு நான் ரொம்ப நேரம் ஸ்கிரீன் முன்னாடியே ஒக்காந்திருந்தேன். புரோட்டீன் இல்ல, ரிசெப்டர் (பூட்டு மாதிரி குறிப்பிட்ட மூலக்கூற மட்டும் பிடிக்கற இடம்) இல்ல, உயிரே இல்ல, வெறும் கொழுப்பும் தண்ணியும், அதுலயே இந்த 23 அமினோ அமிலம் யார் எதிரின்னு கண்டுபிடிக்குது.

ரிசெப்டர் இல்லன்னு சொன்னேன்ல, அதுக்கு ஒரு அழகான ஆதாரம் இருக்கு. நம்ம உடம்புல இருக்கற அமினோ அமிலம் எல்லாம் எல் வகை, அதோட கண்ணாடி பிம்பம் டி வகை. ரிசெப்டர், என்சைம் எல்லாம் கைக்கு கிளவுஸ் மாதிரி, இடது கைய வலது கிளவுஸ்ல நுழைக்க முடியாது. 1990ல புரூஸ் மெரிஃபீல்டும் (பெப்டைட்ட லேப்ல ஒவ்வொரு அமினோ அமிலமா கட்டற முறைய கண்டுபிடிச்சு 1984ல நோபல் வாங்கினவர்) பூமனும் சேந்து ஸெக்ரோபின், மாகைனின், தேனீ விஷத்துல இருக்கற மெலிட்டின், இதையெல்லாம் முழுக்க டி அமினோ அமிலத்துலயே செஞ்சு பாத்தாங்க. கண்ணாடி பிம்பம் பாக்டீரியாவ கொன்னுச்சு, அசல் எவ்ளோ கொல்லுமோ அவ்ளோ. அப்போ பெப்டைட் போய் ஒக்கார்றது எந்த பூட்டுலயும் இல்ல, மெம்பிரேன்லயேதான். பெனிசிலின் ஒரு குறிப்பிட்ட என்சைம பிடிச்சு நிறுத்துது, அந்த என்சைம மாத்திக்கிட்டா பாக்டீரியா தப்பிச்சுடும். மெம்பிரேனையே மாத்தறது அவ்ளோ லேசில்ல. அதனாலதான் இந்த துறைக்காரங்களுக்கு அப்ப அவ்ளோ நம்பிக்கை.

ஓட்டை எந்த வடிவம்கறதுல சண்டை இன்னும் ஓயல. சில பெப்டைட் பீப்பாய்க்கு பலகை அடுக்கின மாதிரி நெட்டுக்குத்தா நின்னு நடுவுல குழாய் விடும், அலமெத்திசின்னு பூஞ்சைல இருந்து வர்றது அப்படித்தான். மாகைனின் அப்படி இல்ல, முதல்ல மெம்பிரேன் மேல படுத்துக்கும், தலைகளுக்கு நடுவுல நுழைஞ்சு இடம் பிடிச்சு மேல் அடுக்க விரிச்சு மெலிசாக்கும், கூட்டம் ஒரு அளவு தாண்டினதும் மேல் அடுக்கு வளைஞ்சு கீழ் அடுக்கோட சேந்து ஓட்டையோட சுவரா மாறிடும், அதாவது ஓட்டைய சுத்தி பெப்டைட்டும் கொழுப்புத் தலையும் கலந்து நிக்கும். 1996ல அமெரிக்கால ஹ்யூய் ஹுவாங் குழுவும் ஜப்பான்ல மட்சுஸாகி குழுவும் தனித்தனியா இந்த முடிவுக்கு வந்தாங்க. இன்னும் சிலது ஓட்டையே போடாம கம்பளம் மாதிரி மூடி மெம்பிரேன துண்டு துண்டா பிச்சுடும். சிலது மெம்பிரேன தாண்டி உள்ள போய் டிஎன்ஏ, ரைபோசோம்ல கை வைக்கும். எல்லாத்துக்கும் ஒரே மாடல்னு எழுதற புத்தகத்த நம்பாதீங்க. முக்கியமா பிடிச்சுக்க வேண்டியது அந்த அளவு விஷயம், கொஞ்சம் இருந்தா ஒண்ணும் ஆகாது, கூட்டம் சேந்தா திடீர்னு உடையும்.

சரி, மருந்து ஏன் வரல.

1987 பேப்பர் வந்ததும் ஸாஸ்லாஃப் ஒரு கம்பெனி ஆரம்பிச்சார், மாகைனின கொஞ்சம் மாத்தி பாசிட்டிவ் சார்ஜ ஏத்தி 22 அமினோ அமிலத்துல பெக்சிகனான்னு ஒண்ணு செஞ்சாங்க. நீங்க படிச்ச சுகர் புண்ணு க்ரீம் இதான். வாய்வழியா குடுக்க முடியாது, பெப்டைட்னா வயித்துல செரிச்சுடும். ஊசில குடுத்தா ரத்தத்துல உப்பு, புரோட்டீன், அறுக்கற என்சைம் எல்லாம் சேந்து பலத்த குறைச்சுடும், டோஸ ஏத்தினா நம்ம செல்லுக்கு ஆபத்து. அதனால புண்ணு மேல தடவற க்ரீம். சுகர் புண்ணுல லேசா இன்ஃபெக்ஷன் இருந்த 835 பேர வச்சு ரெண்டு பெரிய டிரையல், ஒரு பக்கம் பெக்சிகனான் க்ரீம், இன்னொரு பக்கம் ஆஃப்லாக்சசின் மாத்திரை. ரெண்டுலயும் 85ல இருந்து 90 சதவீதம் பேருக்கு புண்ணு தேறுச்சு. மாத்திரை சாப்பிட்ட சிலருக்கு அந்த மாத்திரைக்கு அடங்காத பாக்டீரியா தலை தூக்குச்சு, க்ரீம் போட்டவங்ககிட்ட சொல்ற அளவுக்கு அப்படி வரல. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு டிரையல்ல ஒண்ணுல, மாத்திரைக்கு சமம்னு கணக்குப்படி நிரூபிக்க முடியல. 1999ல எஃப்டிஏ (அமெரிக்கால மருந்துக்கு அனுமதி குடுக்கற அரசு அமைப்பு) அனுமதி குடுக்கல. பல வருஷம் கழிச்சு வேற ஒரு கம்பெனி திரும்ப எடுத்துச்சு, இந்த தடவை மருந்தில்லாத வெறும் க்ரீமோட ஒப்பிட்டு, 2016ல ரிசல்ட் வந்துச்சு, வெறும் க்ரீம விட ஒசத்தின்னு காட்ட முடியல.

இதைப் படிச்சப்போ எனக்கு மனசு கனத்துப்போச்சு, ஆனா யோசிச்சா புரியும். லேசான சுகர் புண்ணுல, நல்லா சுத்தம் பண்ணி, செத்த சதைய எடுத்து, கால்ல வெயிட் படாம பாத்துக்கிட்டா பாதிக்கு மேல தானாவே தேறும். அப்படி ஒரு நோயில எந்த க்ரீமும் தான் செஞ்சதுன்னு காட்டறது கஷ்டம். புண்ணுக்குள்ள இருக்கறது தனி ஆளா திரியற பாக்டீரியா இல்ல, வழவழன்னு ஒரு படலத்துக்குள்ள குடியிருக்கற கூட்டம், அது போக புண்ணு நீர்ல பெப்டைட்ட அறுக்கற என்சைம் ஏராளம். லைசின் இருக்கற இடமெல்லாம் ட்ரிப்ஸின் மாதிரி என்சைம் வெட்டற இடம், மாகைனினோட பலமே லைசின்தான், அதோட பலவீனமும் அதே. தவளைக்கு இது பிரச்சனை இல்ல, காயம் பட்ட அந்த நிமிஷமே தோல்ல இருக்கற சுரப்பில இருந்து கெட்டியா பீய்ச்சிடும், பாக்டீரியா குடித்தனம் போடறதுக்கு முன்னாடியே. நாம மூணு மாசம் ஊறின புண்ணுல கொண்டுபோய் தடவறோம்.

இப்ப எனக்கு இந்த கதைலயே ரொம்ப பிடிச்ச இடம். 2002ல ஸாஸ்லாஃப் ஒரு பெரிய கட்டுரை எழுதினார், அதுல மெம்பிரேன குறி வைக்கிற இந்த பெப்டைட்டுக்கு எதிரா பாக்டீரியா ரெசிஸ்டன்ஸ் (மருந்துக்கு அடங்காத குணம்) வளத்துக்கறது ரொம்பவே கஷ்டம்ங்கற மாதிரி வாதம் வச்சார், கோடிக்கணக்கான வருஷமா எல்லா உயிரும் இதை வச்சிருக்கு, இன்னும் வேலை செய்யுதேன்னு. கனடால மெக்கில் யுனிவர்சிட்டில கிரஹாம் பெல்னு ஒரு பரிணாம விஞ்ஞானி, அதை ஒத்துக்கல. மருந்தா குடம் குடமா ஊத்தினா ரெசிஸ்டன்ஸ் வராம இருக்காது, வந்தா அது அந்த மருந்தோட நிக்காது, நம்ம உடம்பே சுரக்கற பெப்டைட்டுக்கும் அடங்காத பாக்டீரியா உருவாகிடும், எதிரிக்கு நாமளே ஆயுதம் குடுக்கறோம்னு எச்சரிச்சார். இந்த மாதிரி நேரத்துல பெரிய பேர் வாங்கினவங்க பொதுவா பதில் கட்டுரை எழுதி சண்டை போடுவாங்க. ஸாஸ்லாஃப் அந்த பரிசோதனைலயே கூட சேந்தார். ஈ. கோலையையும் ஸூடோமோனாஸையும் பெக்சிகனான்ல வளத்து, டோஸ கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டே 600, 700 தலைமுறை கொண்டுபோனாங்க. தனித்தனியா வளத்த 24 வம்ச வரிசைல 22ல ரெசிஸ்டன்ஸ் வந்துடுச்சு. 2006ல அந்த பேப்பர் வந்தப்போ ஆசிரியர்கள்ல ஒருத்தரா ஸாஸ்லாஃப் பேரும் இருந்துச்சு. தான் சொன்னது தப்புன்னு காட்டற பேப்பர்ல தன் பேர போட்டுக்கிட்டார். லேப்ல வேலை பாத்தவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு தெரியும்.

பெல் பயந்ததும் சும்மா இல்ல. 2012ல வந்த இன்னொரு ஆய்வுல, பெக்சிகனானுக்கு பழகின ஸ்டஃபைலோகாக்கஸ் (புண்ணுல சீழ் வைக்கிற ஒரு பாக்டீரியா), நம்ம வெள்ளை அணுவோட டிஃபென்சினுக்கும் அடங்காம போச்சுன்னு காட்டினாங்க.

எப்படி தப்பிக்குது? மெம்பிரேன முழுசா மாத்த வேண்டியதில்ல, சார்ஜ மாத்தினா போதும். ஸ்டஃபைலோகாக்கஸ் தன் சுவர்ல இருக்கற நெகட்டிவ் இடத்துல அலனின ஒட்டிக்கும், கொழுப்புத் தலைல லைசின ஒட்டிக்கும், பாசிட்டிவ் பெப்டைட் வந்தா ஒட்டாம வழுக்கும். ஈ. கோலை மாதிரி ஆளுங்க வெளி மெம்பிரேன்ல இருக்கற பாஸ்பேட்ட மூடற மாதிரி பாசிட்டிவ் சர்க்கரைய ஒட்டிக்கும். இது வெறும் லேப் விஷயமும் இல்ல. கொலிஸ்டின்னு ஒரு பழைய மருந்து, அதுவும் பாக்டீரியா செய்யற பெப்டைட்தான், மெக்னீசியத்த நகத்திட்டு ஒக்கார்ற அதே வேலை. கிட்னிய பாதிக்குதுன்னு ஓரம் கட்டி வச்சிருந்தத, வேற எந்த மருந்துக்கும் அடங்காத கேஸுக்கு ஐசியூல திரும்ப எடுத்தாங்க. ஆனா கோழி, பன்னிக்கு சீக்கிரம் வளரட்டும்னு தீவனத்துல கலந்துட்டு இருந்தாங்க. 2015ல சீனால எம்சிஆர்-1னு ஒரு ஜீன் கண்டுபிடிச்சாங்க, அது ஒரு பாக்டீரியால இருந்து இன்னொண்ணுக்கு தாவற பிளாஸ்மிட்ல (தனியா இருக்கற குட்டி டிஎன்ஏ வளையம்) இருந்துச்சு, பண்ணைல இருந்து மனுஷங்க வரைக்கும் வந்திருச்சு. இந்தியால 2019ல கால்நடை தீவனத்துலயும் பண்ணைலயும் கொலிஸ்டின தடை பண்ணாங்க. கடைசி மருந்துன்னு வச்சிருந்தத தீவனத்துல கலந்தது எனக்கு இன்னிக்கும் கோவம் வர்ற விஷயம்.

அதுக்காக இந்த வழி அடைஞ்சு போச்சுன்னு நெனைக்காதீங்க. பாக்டீரியா செய்யற நைசின்ங்கற பெப்டைட் பல வருஷமா சீஸ் மாதிரி சாப்பாட்டு பொருள் கெடாம இருக்க உலகம் பூரா சேக்கறாங்க. டாப்டோமைசின் 2003ல அனுமதி வாங்குச்சு, அதுவும் மெம்பிரேன்ல நுழையற ரகம், ஊசியா ஆஸ்பத்திரில குடுக்கறாங்க. நம்ம பக்கத்துலயே மேற்குத் தொடர்ச்சி மலைல இருக்கற ஒரு தவளைல இருந்து, திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி பயோடெக்னாலஜி மையமும் அமெரிக்காவோட எமரி யுனிவர்சிட்டியும் சேந்து 2017ல ஒரு பெப்டைட்ட வெளியிட்டாங்க, அது எச்1 வகை ஃப்ளூ வைரஸ உடைக்குது. களரில சுழட்டுவாங்களே உருமி, சுருள் வாள், அந்த பேர வச்சு உருமின்னு பேர் வச்சிருக்காங்க. எலில நல்லா வேலை செஞ்சிருக்கு. எலில இருந்து மனுஷனுக்கு வர்ற தூரம் எவ்ளோன்னு மேல பெக்சிகனான் கதைல பாத்தீங்க.

இப்ப எல்எல்-37. இது நம்ம உடம்புலயே சுரக்கறது, 37 அமினோ அமிலம், ஆரம்பத்துல ரெண்டு லியூசின், அதனால அந்த பேர். நம்ம உடம்போடதுதானேன்னு தைரியமா ஊசி போட்டுக்கறாங்க. மேல சொன்னேன்ல, ஆள் பாக்கறது அளவுலதான்னு. டோஸ் ஏறினா இது நம்ம ரத்த சிவப்பணுவையே உடைக்கும், லேப்ல ரத்த அணுவ கழுவி பெப்டைட் போட்டு சுத்தவிட்டா மேல தெளிஞ்ச தண்ணி ரோஸ் கலர்ல வந்து நிக்கும், அத நான் கண்ணால பாத்திருக்கேன். அது மட்டுமில்ல, எல்எல்-37 வெறும் ஓட்டை போடற ஆள் இல்ல, இம்யூன் சிஸ்டத்த கூப்பிடற ஆளும் கூட. சோரியாசிஸ்ல இது நம்ம செத்த செல்லோட டிஎன்ஏவ கட்டிப்பிடிச்சு, அதையே கிருமின்னு உடம்ப நம்ப வைக்குதுன்னு 2007ல காட்டினாங்க, அதே வருஷம் ரோசேஷியாங்கற முகச் சிவப்பு நோய்லயும் இதோட தப்பான துண்டுகள் அதிகமா இருக்குன்னு வந்துச்சு. ஆன்லைன்ல வர்ற குப்பிக்குள்ள என்ன இருக்கு, எவ்ளோ இருக்கு, சுத்தமா இருக்கான்னு உங்களால பாக்க முடியாது. சுகர் இருக்கறவருக்கு, அதுவும் ஆறாத புண்ணு இருக்கறவருக்கு அதை ஏத்தாதீங்க.

அப்பா விஷயத்துல நான் சொல்லக்கூடியது இதான், நான் டாக்டர் இல்ல, பாத்து பழகினத சொல்றேன். மூணு மாசம் ஆறலன்னா எந்த ஆன்டிபயாட்டிக்ங்கறத விட மத்த கேள்விகள் முக்கியம். காலுக்கு ரத்தம் ஒழுங்கா போகுதா, பாதத்துல நாடி கிடைக்குதா, ரத்த ஓட்டத்த பாக்கற டாப்ளர் ஸ்கேன் பாத்தாங்களா. எக்ஸ்ரே எடுத்து எலும்பு வரைக்கும் போயிருக்கான்னு பாத்தாங்களா. செத்த சதைய எடுத்து உள்ள இருந்து கல்ச்சர் (என்ன கிருமின்னு லேப்ல வளத்து பாக்கற டெஸ்ட்) அனுப்பினாங்களா, மேலாக்க துடைச்சு எடுத்தா பாதி நேரம் தோல்ல இருக்கற வேண்டாத கிருமிதான் வளரும். அந்த கால்ல வெயிட் படாம இருக்க ஏதாவது செருப்போ கட்டோ குடுத்திருக்காங்களா, நெறைய பேருக்கு புண்ணு ஆறாததுக்கு இதான் காரணம், மருந்து போட்டுட்டு அதே கால்ல கடைக்கு நடந்துட்டு வருவாங்க. சுகர் கால்னே தனியா பாக்கற கிளினிக் பெரிய ஊர்ல எல்லாம் இருக்கு, பெரிய அரசு ஆஸ்பத்திரிலயும் கேட்டுப் பாருங்க. இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க தம்பி, போகும்போது இதுவரைக்கும் குடுத்த ஆன்டிபயாட்டிக் சீட்டெல்லாம் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, அவங்க முதல்ல கேக்கறது அதத்தான்.